வெதுருகுப்பமும் மாந்தோப்புகளும்

சித்தூர் ஜில்லா என்றவுடன் வெளியூரில் வாழும் நம் அன்பர்களுக்குத் திருவேங்கட மலை நினைவுக்கு வரும். எலும்பு முறிந்து அவதிப்பட்டவர்களுக்குப் புத்தூர்க் கட்டு நினைவுக்கு வரும். அந்தப் புத்தூரில் இறங்கி மேற்கே திரும்பி, பழைய ஜமீன் தலைநகராகிய கார்வேட்டிநகரத்தைக் கடந்து சென்றோமானால் வெதுருகுப்பம் வட்டாரத்தை அடைகிறோம். வெதுரு என்பது தெலுங்கில் மூங்கில். குப்பம் என்ற சொல்லோ இரு மொழிக்கும் பொதுச்சொத்து. 1911-இல் உருவான இந்த ஜில்லா, 1953-இல் ஆந்திர ராஜ்யத்தில் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி தமிழகத்திற்குத் திரும்பியபோது இப்பகுதி அங்கேயே நின்றுவிட்டது. எல்லைக் கதை இவ்வளவு போதும்.

பாறைக் குன்றுகளும், அவற்றின் அடியில் ஏரிகளும், கண்ணுக்கெட்டிய வரை மாமரங்களுமாக இப்பிரதேசம் காண்போர் மனத்தைக் கவர்கிறது. ஆயினும் அந்தப் பசுமையைக் கண்டு செழிப்பென்று எண்ணிவிடலாகாது. முன்னர் இம்மண்ணில் மானாவாரி நிலக்கடலையும், கிணற்றுப் பாசனத்தில் கரும்பும் விளைந்தன. மழை பொய்த்தது, ஆழ்துளைக் கிணறுகள் வறண்டன, சர்க்கரை ஆலைகள் மூடப்பட்டன, களை பறிக்க ஆள் கிடைக்கவில்லை. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் வேலைக்குப் போனார்கள். நீரும் ஆளும் குறைவாகக் கேட்பது மாமரம். ஆகவே நிலமெல்லாம் தோப்பாயிற்று. ஊரில் நிலத்தை விட்டு வந்திருக்கும் நம்மவர்க்கு இது புரியாத செய்தியன்று.

இங்கே பெரும்பாலும் விளைவது தோதாபுரி என்னும் கிளிமூக்கு மாங்காய். இதைப் பெரும்பாலும் பழக்கடைக்காரர் வாங்குவதில்லை. கூழ் ஆலைகளே வாங்குகின்றன. நாம் புட்டியில் வாங்கிப் பருகும் மாம்பழச் சாற்றின் பிறப்பிடம் இத்தகைய தோப்புகளே. அக்கூழ் வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. வெளிநாட்டில் விற்பனை மந்தமாகி, ஆலைகளில் பழைய சரக்குத் தேங்கிவிட்டால், அதன் அடி நேரே குடியானவன் தலையில் விழுகிறது.

2025-இல் அதுவே நேர்ந்தது. விளைச்சல் மிகுந்தது, விலை சரிந்தது. ஆலை வாயில்களில் டிராக்டர்கள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. பழுத்த காய் காத்திருக்குமா? கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாய் தரவேண்டும், சர்க்கார் 4 ரூபாய் சேர்க்கும் என்று 12 ரூபாய் விலை அறிவிக்கப்பட்டது. ஆனால் ஆலைகள் அந்த எட்டு ரூபாயையும் கொடுக்கவில்லை என்ற முறையீடு எங்கும் எழுந்தது. கர்நாடகத்து மாங்காய் உள்ளே வரலாகாதென்று ஜூன் மாதத்தில் சித்தூர் ஜில்லா நிர்வாகம் தடை விதித்தது. கர்நாடக முதல்வர் ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். நம் கிருஷ்ணகிரிக் குடியானவர்களும் அவ்வாண்டு இதே துயரை அடைந்தனர். ஆகவே பகை அண்டை ராஜ்யத்தான் அல்லன் என்பது எமது எண்ணம்.

கடலையாக இருந்தால் அடுத்த பட்டத்தில் வேறொன்றை விதைக்கலாம். இருபது வருஷத்து மரத்தை என்ன செய்வது?

இதனிடையே குடும்பத்தைத் தாங்குவது பசுமாடு. இவ்வூர்களில் கையில் ஒழுங்காக வரும் காசு பால் காசுதான். அதற்காக விடியுமுன் எழுகிறவர்கள் பெண்கள். சித்தூரின் கூட்டுறவுப் பால்பண்ணை 2002-இல் மூடப்பட்ட பின், பாலின் விலையும் பெரும்பாலும் தனியார் சொல்வதே ஆயிற்று.

2025 ஆகஸ்டு மாதத்தில் ஹந்திரி-நீவா கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நதி நீர் ஜில்லாவின் மேற்கு மூலையிலுள்ள குப்பம் நகரை எட்டியது. கிழக்கே நகரியின் பெயரையே தாங்கிய காலேரு-நகரித் திட்டமோ பல்லாண்டுகளாகியும் முற்றுப்பெறவில்லை. ஏரி நிறையுமா என்று ஐப்பசி மழையைப் பார்த்துத்தான் வெதுருகுப்பத்தார் இன்றும் இருக்கிறார்கள்.