பேட்டரி சைக்கிளில் கொள்ளிடக்கரை

கிராவல் என்ற சொல்லை எங்கள் பொதுப்பணித்துறையில் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்போம். செம்மண்ணும் சரளையும் கலந்த மண்ணை லாரியில் கொண்டுவந்து ஆற்றங்கரையில் கொட்டி, நிரவி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டினால் அது கிராவல் ரோடு. இரண்டு மழைக்காலம் தாங்கினால் காண்டிராக்டர் நல்லவர் என்று அர்த்தம். அந்தக் கரைகளில் நானும் லஸ்கர்களும் வருஷக்கணக்கில் சைக்கிளில் போய் மதகு பார்த்திருக்கிறோம். அதை ஒரு விளையாட்டு என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

இப்போது அது விளையாட்டுதான். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரில் 2006 முதல் கிராவல் சைக்கிள் பந்தயம் நடக்கிறது. 200 மைல், அதாவது 320 கிலோமீட்டருக்கு மேல், முழுக்கக் கல்லும் மண்ணுமான பாதை. சம்பளத்துக்கு ஓட்டுகிற வீரர்களோடு சாதாரண ஆட்களும் பணம் கட்டிப் போய் ஓட்டுகிறார்கள். நம்மூர்க் கரைகளில் இலவசமாகக் கிடைத்த இடுப்புவலிக்கு அங்கே கட்டணம்!

கடலூரில் சைக்கிள் ஓட்டுகிற இளைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்மூரிலும் ஒரு கிராவல் ஓட்டம் வைக்கலாம் என்று கிளம்பினார்கள். கரைப் பாதை எனக்குத் தெரியும் என்று யாரோ சொல்லி வீட்டுக்கு வந்தார்கள். காலை 5 மணிக்குக் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் புறப்பாடு. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம். அங்கிருந்து வல்லம்படுகை போய்க் கொள்ளிடத்தின் வடகரை ஏறி, மேற்கே கீழணை வரை. பிறகு வடவாற்றுக் கரையோடு இறங்கிக் காட்டுமன்னார்கோயில். மறுபடியும் சிதம்பரம் தெற்கு வீதியில் முடிவு. மொத்தம் 145 கிலோமீட்டர், 12 மணி நேரக் கெடு. பாதையை நான்தான் பேப்பரில் வரைந்து கொடுத்தேன். கடைசியில் ஒரு பையன், "நீங்களும் வாங்களேன் சார்" என்றான்.

எனக்கு 67 வயது. மூன்று வருஷத்துக்கு முன்பு இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். டாக்டர் சைக்கிளுக்குத் தடை சொல்லவில்லை. நாடித்துடிப்பு 120ஐத் தாண்டக்கூடாது என்று மட்டும் சொன்னார். கேட்க எளிதாக இருக்கும். எதிர்காற்றில் ஒரு பாலம் ஏறிப் பாருங்கள், 120 எங்கே நிற்கிறது என்று தெரியும். அதனால்தான் மகன் பேட்டரி சைக்கிள் வாங்கிக் கொடுத்தான்.

இந்த வண்டியைப் பற்றிப் பலரும் கேட்கிறீர்கள். பின்சக்கர நடுவில் 250 வாட் மோட்டார். பெடலை மிதித்தால்தான் அது வேலை செய்யும். 25 கிலோமீட்டர் வேகத்தில் தானாக நின்றுவிடும். இந்த அளவுக்கு உட்பட்டிருந்தால் நம் மோட்டார் வாகன விதிப்படி அது மோட்டார் வாகனம் இல்லை. லைசென்ஸ், பதிவு எண் எதுவும் வேண்டாம். மிதிக்காமலே ஓட ஒரு கட்டைவிரல் விசையும் கொடுத்திருந்தார்கள். அதை நான் வாங்கிய வாரமே கழற்றி வைத்துவிட்டேன். மிதிக்காமல் போவதற்கு டி.வி.எஸ். இருக்கிறதே.

என் பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர். கரண்ட் பில் கணக்கில் சொன்னால் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், 360 வாட் ஹவர். மோட்டாரை நம்பி ஓட்டினால் கிலோமீட்டருக்குப் பத்து போய்விடும். அப்படியானால் 36 கிலோமீட்டர்தான், சிதம்பரம் போய்ச் சேருவதற்குள் வண்டி ஊமையாகிவிடும். கூடுதலாக ஒரு பேட்டரி எடுத்துக்கொண்டால் 720. அதை 145ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஐந்துதான் செலவழிக்கலாம். ஆகவே தார் ரோட்டில் மோட்டாரை அணைத்துவிட வேண்டும். இளகிய மண், மேடு, எதிர்காற்று இவற்றுக்கு மட்டும் போட வேண்டும். அணைத்துவிட்டால் அது 26 கிலோ எடையுள்ள சாதா சைக்கிள். பேட்டரி சைக்கிளில் சும்மா உட்கார்ந்து போகிறான் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அப்படி நினைத்தவர்களில் முதல் ஆள் என் நண்பர் வாத்தியார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், என்னைவிட மூன்று வயது மூத்தவர், இன்றும் கியர் வைத்த சைக்கிளில் மாதம் ஒரு தடவை பாண்டிச்சேரி போய் வருகிறவர். நான் பேர் கொடுத்தேன் என்று தெரிந்ததும் போன் செய்தார்.

"ஓவர்சியர், மோட்டார் வெச்சிக்கினு வந்து அத சைக்கிள் ஓட்டறதுன்னு எழுதச் சொல்லப் போறீங்களா?"

"தனியா எழுதச் சொல்லிட்டேன் வாத்தியாரே. உங்க லிஸ்ட்ல நான் கிடையாது."

"அப்ப எதுக்கு வர்றீங்க?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பிரெவே என்று சொல்லப்படும் நெடுந்தூர ஓட்டங்களைப் பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப் வகுத்த விதிப்படி உலகம் முழுக்க நடத்துகிறார்கள். 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அது பந்தயம் இல்லை, முதல் இடம் இரண்டாம் இடம் கிடையாது. ஆனால் வண்டி மனித பலத்தில் மட்டுமே ஓட வேண்டும். 1891இல் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஓட்டத்துக்கு நம் நாட்டிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். அதில் மோட்டாரை விட்டால் அந்த எண்களுக்கு என்ன மரியாதை? 2016இல் பெல்ஜியத்தில் உலகச் சாம்பியன் போட்டிக்கு வந்த ஒரு சைக்கிளின் சட்டத்துக்குள் மோட்டார் ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, அந்த வீராங்கனைக்கு ஆறு வருஷம் தடை போட்டார்கள். ஒளித்து வைத்ததுதான் குற்றம். மூன்று வருஷம் கழித்து, 2019இல், அதே உலக அமைப்பே மோட்டார் உள்ள மலைச் சைக்கிள்களுக்கு எனத் தனிச் சாம்பியன் போட்டி தொடங்கியது. தனிப் பந்தி போட்டால் சண்டை இல்லை. நான் கேட்டதும் அதுதான்.

23 பேர் வந்திருந்தார்கள். சிதம்பரம் வரை நாலுவழிச் சாலை, சொல்ல ஒன்றுமில்லை. எட்டு மணிக்குப் போய் இட்லி சாப்பிட்டோம். மோட்டாரை அதுவரை நான் வெள்ளாற்றுப் பாலத்தில் மட்டும்தான் போட்டேன்.

வல்லம்படுகையில் கரை ஏறியதும்தான் ஓட்டமே ஆரம்பம். சில இடத்தில் தார், சில இடத்தில் கிராவல், சில இடத்தில் டிராக்டர் போட்ட பள்ளம் காய்ந்து கல்லான களிமண். சம்பா அறுவடை முடிந்த சமயம். தார் இருந்த இடமெல்லாம் நெல் காய்ந்தது. வைக்கோல் பரப்பிய இடத்தில் சக்கரம் வழுக்கும். இறங்கித் தள்ள வேண்டும். இடது பக்கம் கொள்ளிடம், ஒரே மணலாக, நடுவில் கயிறு போல ஒரு ஓடை. மேட்டூர் மூடியபின் ஆறு அப்படித்தான். வலது பக்கம் உளுந்து பச்சை கட்டியிருந்தது. நான் வேலையில் இருந்தபோது நட்டுவைத்த எல்லைக்கல் ஒன்று இன்னும் நேராக நின்றது. அதை நின்று பார்க்க எனக்கு நேரம் இருந்தது, பையன்களுக்கு இல்லை.

கரைக்கு எதிரி கிராவல் இல்லை, சீமைக்கருவேல முள். அன்று ஒன்பது பஞ்சர். எனக்கும் ஒன்று, அதுவும் பின்சக்கரத்தில். மோட்டார் உள்ள சக்கரத்தைக் கழற்றுவது லேசான காரியம் இல்லை. ஒயர் இணைப்பைப் பிரிக்க வேண்டும், பெரிய ஸ்பேனர் வேண்டும், சக்கரமும் கனம். இரண்டு பையன்கள் நின்று உதவினார்கள். வாத்தியார் பக்கத்தில் நின்று, "இதுல எது மனித பலம்?" என்றார். அவர் அப்படித்தான்.

கீழணைக்கு 12.20க்குப் போய்ச் சேர்ந்தோம். ஆர்தர் காட்டன் 1830களில் கட்டிய அணை அது. வடவாறு அங்கிருந்து பிரிந்து வீராணத்துக்குப் போகிறது; அங்கிருந்து குழாயில் சென்னைக்கும் போகிறது. இதையெல்லாம் பையன்களுக்குச் சொன்னேன், பாதிப் பேர் தூங்கிக்கொண்டு கேட்டார்கள். டீக்கடையில் பிளக் கேட்டு பேட்டரியைப் போட்டேன். என் சார்ஜர் 2 ஆம்பியர். முழுசாக ஏற ஐந்து மணி நேரம். நாற்பது நிமிஷத்தில் ஏறியது ஏழெட்டு கிலோமீட்டருக்குக் காணும். இருபது ரூபாய் கொடுத்ததற்குக் கடைக்காரர், "போன் சார்ஜ்தானேங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காட்டுமன்னார்கோயிலை விட்டுப் புறப்படும்போது மணி 2.50. கெடு 5 மணி, பாக்கி 26 கிலோமீட்டர். மற்றவர்கள் எல்லாம் முன்னால் போய்விட்டார்கள். நானும் வாத்தியாரும்தான் கடைசி. இரண்டாவது பேட்டரியில் ஐந்துக்கு இரண்டு கோடு இருந்தது. சாலை நல்ல தார். ஆனால் கிழக்கே போகிறோம். மாசி மாதம் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாத்தியாரின் வேகம் ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. அந்த வேகத்தில் போனால் அவர் ஐந்தே முக்காலுக்குத்தான் சேருவார். முகம் வெளுத்திருந்தது.

"வண்டிய மாத்திக்கலாம் வாத்தியாரே."

"செத்தாலும் மாட்டேன்."

"அப்ப என் பின்னாடி ஒட்டிக்கினு வாங்க."

காற்றில் ஒருவர் பின்னால் ஒருவர் போனால் பின்னால் வருகிறவருக்குப் பாரம் குறையும். மோட்டாரை இரண்டில் போட்டு 14இல் நிறுத்தினேன். அவர் ஒரு முழ இடைவெளியில் வந்தார். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல்: "ஓவர்சியர், காத்த மறிக்கிறது நீங்களா, மோட்டாரா?"

"என் முதுகுதான் மறிக்குது."

"முதுக தள்ளறது யாரு?"

அதையும் யோசித்துக்கொண்டேதான் ஓட்டினேன். சாலைப் பந்தயங்களில் மோட்டார் வண்டியின் மறைவில் ஓட்டினால் தண்டனை உண்டு. அவர் அதைச் சொல்லிக்கொண்டே, பிடியை விடாமல் வந்தார். 18 கிலோமீட்டர். மணி 4.07. அங்கே பேட்டரி செத்தது.

இன்னும் 8 கிலோமீட்டர், 53 நிமிஷம். அந்நேரம் வாத்தியாருக்கு மூச்சு திரும்பியிருந்தது. அவர் மட்டும் தம் பிடித்துப் போனால் 4.50க்குச் சேர்ந்துவிடலாம். "நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன், அவசரம்னா தள்ளிக்கினு வருவேன்" என்றேன். என் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டச் சொன்னார். 118. பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எனக்கு முன்னால் வந்து நின்று, "ஒட்டிக்குங்க" என்றார்.

26 கிலோ வண்டி, எதிர்காற்று, ஏழு ஏழரை வேகம். நான் 120ஐத் தொடும்போதெல்லாம் "சார்" என்று ஒரு குரல் கொடுப்பேன், அவர் மிதிப்பதைக் குறைப்பார். கோபுரங்கள் தெரிந்த பிறகு வருகிற தூரம் சீக்கிரம் தீராது என்பது சிதம்பரத்துக்கு நடந்து போனவர்களுக்குத் தெரியும்.

தெற்கு வீதிக்கு வந்தபோது மணி 5.11. நோட்டுப் புத்தகத்தோடு நின்ற பையன், "பரவால்ல சார், ரெண்டு பேரையும் அஞ்சுன்னு போட்டுக்கலாம்" என்றான்.

"அஞ்சு பதினொன்னுன்னு போடுப்பா" என்றார் வாத்தியார். "அப்புறம் பக்கத்துல எழுது: கடைசியில பதினெட்டு கிலோமீட்டர் மோட்டார் நெழல்ல வந்தார்னு."

பையன் என்னைப் பார்த்தான். நான், அவர் சொன்னபடி எழுதச் சொன்னேன். என் பெயர் தனிப் பக்கத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்தில், கடைசி 8 கிலோமீட்டர் வாத்தியார் நிழலில் என்று எழுதச் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான்.

வண்டிகளை மைத்துனர் வீட்டில் போட்டுவிட்டு பஸ் பிடித்தோம். புவனகிரி வருவதற்குள் வாத்தியார் தூங்கிவிட்டார். கடலூரில் இறங்கும்போது, "அந்த பேட்டரி ஒண்ணு என்ன வெல?" என்று கேட்டார். சொன்னேன். "அவ்ளோவா?" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினார்.