மேடும் மிதியும்

பேத்திக்கு ஒரு சைக்கிள் வாங்கவேண்டிப் பாசிர் கூடாங் நகரிலுள்ள ஒரு கடைக்குச் சென்றிருந்தேன். கடைக்காரர் சீனர். இரண்டு வண்டிகளைக் கொணர்ந்து நிறுத்தினார். ஒன்றில் 7 கியர், மற்றொன்றில் 21. விலையில் பெரிய வேற்றுமை இல்லை. கியர் கூடக்கூட மேடு இலகுவாகும், ஆதலால் 21 உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று மலாய் மொழியில் அவர் எடுத்துரைத்தார்.

என்னுடன் வந்திருந்த நண்பர் நகைத்தார். அவர் என்னினும் மூத்தவர். எழுபதைக் கடந்த பழைய தோட்டத்து மனிதர். அண்ணன் என்றே அவரை அழைப்பது என் வழக்கம். "நம் காலத்தில் கியர் ஏது, தம்பி? காலில் வலு இருந்தது, ஏறினோம். இதெல்லாம் சோம்பேறிகளுக்காகச் செய்தது!" என்றார்.

பேத்தி இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு வயது 13. பள்ளிக்குச் செல்லும் வழியில் ஒரு மேடு உண்டு. அதில் இறங்கித் தள்ளிச் செல்வதை உடன் படிப்போர் காண்கின்றனர் என்பது அவளுக்குப் பெருங்குறை. "எது தாத்தா சரி?" என்று வினவினாள்.

இருவர் கூறியதும் சரியன்று. ஆனால் அதைக் கடையில் நின்று விளக்க என் நா எழவில்லை. ஏனெனில் அண்ணன் 'வலு' என்று சொன்ன அக்கணமே என் தந்தையாரின் நினைவு வந்து குறுக்கே நின்றுவிட்டது.

இன்று துறைமுகமும் எண்ணெய்க் கலங்களும் புகைபோக்கிகளுமாய் விளங்கும் பாசிர் கூடாங்கை அறிந்தோர், இப்பகுதி ஒரு காலத்தில் ரப்பர்க் காடாய் இருந்ததை எளிதில் நம்பார். 1977இல் துறைமுகம் இயங்கத் தொடங்குமுன் இங்கே நாங்கள் அறிந்தவை பால் மரமும், லயமும், பெரட்டுக் களமுமே. மரம் வெட்டிய பாலைத் தந்தையார் இரண்டு டின்களில் நிரப்பிச் சைக்கிளின் இருபுறமும் கட்டித் தொங்கவிட்டு ஸ்டோருக்குக் கொண்டு செல்வார். இரண்டும் சேர்ந்து நாற்பது கிலோவுக்குக் குறையாது. வழியில் ஒரு செம்மண் மேடு. அதில் இறங்கித் தள்ளுவதே வழக்கம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒருநாள் மழையால் வெட்டு தாமதமாயிற்று. நிறுக்கும் நேரம் தப்பிவிடுமோ என்று அஞ்சி, அவர் மேட்டிலும் இறங்காமல் மிதித்தார். பின்னால் ஓடிவந்த நான் கண்டேன்: உடல் முழுவதும் ஒரு மிதியின்மேல் ஏறி நிற்கின்றது, வண்டி நகரவில்லை. ஒரு கணம் அசையாது நின்றது, பின்னர்ச் சாய்ந்தது. செம்மண்ணில் வெள்ளைப் பால் ஓடிய காட்சி இன்றும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. கட்டிப்பாலாகவேனும் கணக்கில் ஏறட்டுமென்று இரு கையாலும் அதை வழித்தெடுத்தார். ஏறவில்லை. மண் கலந்த பால் என்று தள்ளிவிட்டனர். அன்றைய உழைப்பு மண்ணோடு போயிற்று.

அதே தோட்டத்தில் கிராணியிடம் ஓர் ஆங்கிலேயச் சைக்கிள் இருந்தது. அதன் பின்சக்கரத்துக் குடத்துக்குள்ளேயே 3 கியர். மேட்டுக்கு முன் கைப்பிடியருகிலுள்ள சிறு நெம்பைத் தட்டுவார்; மிதி காற்பங்கு இலகுவாகும்; சீட்டியடித்துக்கொண்டு மேலேறிவிடுவார். அவர் நல்லவர்தாம், அவரை நான் பழிக்கவில்லை. ஆயினும், அன்பர்களே, எண்ணிப் பாருங்கள்! கியர் இருந்த வண்டியில் சுமை ஒரு கணக்குப் புத்தகம். நாற்பது கிலோ சுமந்த வண்டியில் கியர் இல்லை. அத்தகைய குடம் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது 1902இல். அறுபது ஆண்டுகள் கடந்தும் அது எங்கள் லயத்துக்கு வந்து சேரவில்லை!

இனி, கியர் செய்வது யாது என்று பார்ப்போம். ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்று கொள்வோம். இதனை ஒரு மேட்டின் உச்சிக்கு ஏற்ற வேண்டிய வேலை ஒன்றே. எத்தனை கியர் மாட்டினும் அவ்வேலையில் ஓர் அணுவும் குறையாது. குறைவது, ஒவ்வொரு மிதிக்கும் நாம் இடவேண்டிய பலம். நிறைந்த வாளியை ஒரே தூக்கில் தூக்குவதற்கும், கிண்ணங் கிண்ணமாக மொண்டு மேலே சேர்ப்பதற்கும் உள்ள வேற்றுமையே இது. தண்ணீரின் அளவு ஒன்றுதான். தோள்தான் வேறு விடை கூறும்.

தந்தையாரின் வண்டி போன்ற பழைய கறுப்பு வண்டியில் முன்பற்சக்கரத்துக்கு 44 பல், பின்னதற்கு 18 பல் என்று வையுங்கள். மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் ஓடும். இக்கால வண்டியில் முன்னும் பின்னும் 28 பல்லாக மாற்றிக்கொண்டால் 2.1 மீட்டரே ஓடும். பாதம் சுற்றும் வட்டமோ இரண்டிலும் ஒன்றே. ஒரு மீட்டருக்குச் சற்று மிகுதி. இருபதடிக்கு ஓரடி உயரும் மேட்டில் முன்னதற்கு மிதியின்மேல் சராசரி 20 கிலோ அழுத்தம் வேண்டும். பின்னதற்கு 8 கிலோ போதும். மிதி உச்சியிலும் அடியிலும் வரும்பொழுது கால் பயன்படாமையால், இடையில் அழுத்த வேண்டியது இச்சராசரியினும் மிகுதி. தந்தையார் வண்டி ஒரு கணம் அசையாது நின்றதன் காரணம் இங்கேதான் இருக்கின்றது. சுமையையும் சேர்த்துக் கணக்கிட்டால் காலுக்கு அஃது எளிதில் அடங்காது.

இதற்கு விலை உண்டு, அவ்விலை நேரம். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலும் அந்த இலகுக் கியரில் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர்தான் செல்லலாம். இன்னும் இலகுவாக்கிக்கொண்டே போனால் நடப்பவன் நம்மை முந்துவான், வண்டியும் தள்ளாடும்.

ஆகவே மேட்டுக்கு வேண்டுவது கியர்களின் தொகையன்று. மிக இலகுவான அந்த ஒரு கியர் எவ்வளவு இலகு என்பதே கேள்வி. கடையிலேயே குனிந்து பற்களை எண்ணினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். 21 கியர் வண்டியில் முன்னே மூன்று சக்கரம், பின்னே ஏழு. முன் 48, பின் 24 என்றாலும், முன் 28, பின் 14 என்றாலும் மிதி ஒன்றே. ஆயினும் இரண்டு கியர் என்று கணக்கு! இப்படி இரட்டித்தவை இன்னும் சில. அதன் மிக இலகுவான கியர் 28க்கு 28. 7 கியர் வண்டியிலோ முன்னே ஒரே சக்கரம், 32 பல். பின்னே மிகப் பெரியது 34 பல். மூன்றில் ஒரு பங்கு கியரே உள்ள வண்டிதான் மேட்டில் இலகு! அதையே வாங்கினேன். சமநிலத்தில் பறக்க விரும்புவோர்க்கும், ஒவ்வொரு சரிவுக்கும் நுண்ணிய மாற்றம் வேண்டுவோர்க்கும் பல கியர் பயன்படும். என் பேத்திக்கு அது வேண்டுவதில்லை.

அண்ணனின் சொல்லுக்கும் விடை கூறவேண்டும். அவர் தனியர் அல்லர். பிரான்சு நாட்டைச் சுற்றும் பெரும் பந்தயத்தை நிறுவிய ஆன்ரி டெகிராஞ்சும், கியர் வயது முதிர்ந்தோர்க்கே உரியது என்ற கொள்கையினர். அப்பந்தயம் 1910 முதல் பிரனீசு மலைகளின் உயர்ந்த கணவாய்களில் ஏறிற்று. ஓடும்போதே சங்கிலியை மாற்றும் கருவிக்கோ 1937இல்தான் இடந்தந்தனர். அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினர். திருப்பி மாட்டியதும் கியர் மாற்றம்தானே!

"ஜப்பான்காரன் கியர் இல்லாத சைக்கிளில் மலாயாவையே பிடித்தானே!" என்பார் அண்ணன். உண்மைதான். 1941 டிசம்பரில் கரையிறங்கியவர்கள் 1942 சனவரி முடிவில் ஜொகூர் பாருவை அடைந்தனர். காற்றுப்போன சக்கரங்கள் இரும்பு வளையத்தோடு கடகடத்து வந்த ஓசையைத் தந்தையார் பன்னிரண்டு வயதில் கேட்டிருக்கிறார். ஆனால் அவர்கள் வந்த மேற்குப் பெருஞ்சாலையின் பெரும்பகுதி சமநிலம். பாலம் உடைந்த ஆறுகளில் சைக்கிளைத் தோளில் தூக்கிக் கடந்தவர்களும் அவர்களே. அந்த ஜப்பானில் 1921இல் தோன்றிய ஷிமானோ கம்பெனி இன்று உலகெங்கும் கியர் விற்கின்றது. நம் ஜொகூரில், பொந்தியான் மாவட்டத்திலேயே அதற்குத் தொழிற்சாலை உண்டு.

துறைமுகச் சாலையில் நின்று பாருங்கள். கண்டெய்னர் ஏற்றிய லாரி மேட்டை நெருங்குமுன் ஓட்டுநர் கியரைக் குறைக்கின்றார். அவரைச் சோம்பேறி என்பாருண்டோ? எந்திரத்துக்குக் காட்டும் இரக்கத்தை முழங்காலுக்குக் காட்டினால் மட்டும் இழிவாகின்றது! இறுதிப் பத்தாண்டுகள் தந்தையார் வலக்காலை மடக்கித் தரையில் அமர இயலாதவராய் இருந்தார். சைக்கிள் ஒன்றே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. விடியுமுன் எழுந்து மரம் மரமாகக் குனிந்து நிமிர்ந்த உடல் அது. ஆயினும் 'வலு இருந்தது' என்பாரிடம் அந்தக் காலைக் காட்ட வேண்டுமென்று தோன்றுகிறது.

சனிக்கிழமை காலை மூவரும் காற்றாடித் திடலருகேயுள்ள மேட்டுக்குச் சென்றோம். தந்தையார் விழுந்த மேடு இன்று இல்லை; தொழிற்சாலைக்காக வெட்டிச் சமன்செய்துவிட்டனர். பேத்தி முதன்முறை பாதி மேட்டில் கியரை மாற்றினாள். சங்கிலி நறநறவென்று கழன்று விழுந்தது. கையெல்லாம் கரி. மேடு தொடங்குமுன்னரே, கால் அழுத்தாதிருக்கும்போதே மாற்றவேண்டுமென்று காட்டினேன். இரண்டாம் முறை மெல்ல மெல்ல, இறங்காமல் உச்சிக்குச் சென்று மணியடித்தாள்.

அண்ணன் வண்டியை வாங்கி, பின்சக்கரத்தருகே குந்தியமர்ந்து அந்த 34 பல் சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "இதில் கேரியர் போட இடமிருக்கிறதா, தம்பி?" என்று கேட்டார்.