இரண்டு பெயர் கொண்ட ஆறு

“உன் சொந்த ஊர் எது?” என்று வகுப்பில் கேட்டால், தயங்காமல் விடை சொல்பவர் சிலரே. ஒரு மாணவனின் தந்தை இரயில்வேயில் பணிபுரிகிறார். மாணவன் பிறந்தது விசாகப்பட்டினம். நடை பழகியது குண்டக்கல். இப்போது வசிப்பது திருப்பதி. தாத்தா இருப்பதோ திருவண்ணாமலைக்கு அருகே ஒரு சிற்றூர். இவற்றுள் எதைத் தன் ஊர் என்று அவன் சொல்வான்? இன்னொரு மாணவியின் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சித்தூரில் வாழ்கிறது. வீட்டில் தமிழ், வீதியில் தெலுங்கு. “தமிழ்நாட்டில் உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்பவர்களுக்கு, “எங்களுக்கு இதுதான் ஊர்” என்று அவள் விடை கூறுவாள். அந்த விடை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நான் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டம். பணி மாற்றலாகி முதலில் சித்தூருக்கும், பின்னர்த் திருப்பதிக்கும் வந்தேன். ஆணையைக் கையில் வாங்கியபோது எனக்குள் ஒரு சிரிப்பு எழுந்தது. தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் எழுதிய சிறப்புப்பாயிரம், வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லைகளாகக் கூறுகிறது. வேங்கடம் என்பது இன்று நாம் திருமலை என அழைக்கும் மலையே. கல்லூரியில் நான் மனப்பாடம் செய்த இரண்டு எல்லைகளில் ஒன்றில் பிறந்து, மற்றொன்றில் பணியேற்க வந்தேன். தமிழ் முடியும் இடத்திற்குச் செல்கிறோம் என்றே எண்ணிப் பெட்டியைக் கட்டினேன். வந்து பார்த்தபோது, எதுவும் முடிந்திருக்கவில்லை. கடைத்தெருவில் பாதிப் பேர் எனக்குத் தமிழிலேயே விடை கூறினர். திருமலைக் கோயிலின் கல்வெட்டுகளுள் பெரும்பான்மை தமிழில் இருப்பதையும், அதே கோயிலில் அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் காக்கப்பட்டதையும் அறிந்துகொண்டேன். இரண்டு மொழிகளும் ஒரே மலையில் ஏறியிருக்கின்றன.

எல்லைக்கோடு அடிக்கடி இடம் மாறும் என்பதை இந்த மண் நன்கு அறியும். சித்தூர் ஒருகாலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1911ஆம் ஆண்டு சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் சேர்ந்தது. பேச்சுவார்த்தைகளுக்குப் பிறகு 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. வேறு சில ஊர்கள் அங்கிருந்து ஆந்திரத்துக்குச் சென்றன. 2022இல் சித்தூர் மாவட்டமும் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நம் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் இராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தவர், தாய்மொழி தெலுங்கு, சிறுவயதில் திருப்பதியில் படித்தவர். ஆசிரியர் நாளன்று நாம் மாலை அணிவிக்கும் அவருக்கு எந்த மாநிலம் சொந்தம் என்று கேட்டால், எந்த ஆண்டைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றுதான் திரும்பக் கேட்க வேண்டும்.

மனிதர் போட்ட கோட்டை ஆறு மதிப்பதில்லை. சித்தூர் வழியாக ஓர் ஆறு செல்கிறது. பெரும்பாலான நாள்களில் மணலும் முட்செடியுமாகக் கிடக்கும். மழை வந்தால் மட்டும் தான் ஆறு என்பதை நினைவூட்டும். அங்குள்ளோர் அதனை நீவா நதி என்கின்றனர். அதே ஆறு தமிழ்நாட்டிற்குள் நுழைந்ததும் பொன்னை ஆறு என்று பெயர் பெற்றுப் பாலாற்றில் கலக்கிறது. காட்பாடியிலிருந்து சித்தூருக்கு வரும் போதெல்லாம் எந்த இடத்தில் நீவா முடிந்து பொன்னை தொடங்குகிறது என்று நான் சன்னல் வழியே பார்ப்பதுண்டு. நீருக்கு அந்த இடம் தெரியாது. கரையில் நிற்பவர் வாயில்தான் பெயர் மாறுகிறது.

அப்படிப் பெயர் மாறும் அழகைக் காய்கறிச் சந்தையில் நாள்தோறும் காணலாம். எனக்குப் பொழுதுபோக்கு என்று ஏதேனும் உண்டென்றால், அது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்தையில் சொற்களைப் பொறுக்குவதுதான். இங்கு வேர்க்கடலையை ‘வேருசெனக’ என்பர். ‘வேரு’ நம் வேர். ‘செனக’ என்பது கடலை. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே செடியைப் பிடுங்கிப் பார்த்து, ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றனர். வெங்காயத்தை ‘உல்லி’ என்கின்றனர். எங்கள் குமரிப் பக்கத்திலும் ‘உள்ளி’ என்னும் சொல் உண்டு. இடையிலுள்ள மாவட்டங்கள் பலவற்றில் வெங்காயம் என்று சொல்லிவிட்டு, இரு முனைகளில் மட்டும் அந்தப் பழஞ்சொல் உறவினரைப் போல் வாழ்கிறது.

நாம் நூல்களில் மட்டுமே காணும் சொற்கள் இங்கு தெருவில் நடமாடுகின்றன. சொல் என்பதைத் தெலுங்கில் ‘செப்பு’ என்பர். நம் இலக்கணத்தில் செப்பு என்றால் விடை. செப்புதல் என்றால் சொல்லுதல். வீடு என்பது ‘இல்லு’. நமக்கு அது ‘இல்’, ‘இல்லம்’. மழை என்பது ‘வான’. திருக்குறளில் மழையைப் போற்றும் அதிகாரத்தின் பெயர் வான்சிறப்பு. ‘மிகுதி’ என்னும் பொருளில் ‘சால’ என்றோர் உரிச்சொல் உண்டு என்று நான் கரும்பலகையில் எழுதினால், நீங்கள் கொட்டாவி விடுகிறீர்கள். பள்ளிக்கு வெளியே வந்ததும் நண்பனிடம் “சாலா பாகுந்தி” என்கிறீர்கள். அந்தச் ‘சாலா’வும் இந்தச் ‘சால’வும் ஒரு வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவை. தட்டில் சோறு போதும் என்பதற்குத் தெலுங்கில் ‘சாலு’. தமிழில் ‘சாலும்’ என்றாலும் போதும் என்பதே பொருள். தமிழில் முதுமையடைந்து ஏட்டில் ஓய்வெடுக்கும் சொற்களைப் பக்கத்து வீட்டில் இளமையோடு பார்க்கும்போது மனம் மகிழ்கிறது.

எல்லாச் சொற்களும் இப்படி நம்பத்தக்கவை என்று எண்ணிவிடாதீர்கள். கடைக்காரரிடம் தெலுங்கில் ‘எந்த?’ என்று கேட்டால், விலை எவ்வளவு என்று பொருள். எந்தப் பொருள் என்று அவர் எடுத்துக்கொள்ளமாட்டார். ‘அவசரம் லேது’ என்று ஒருவர் சொன்னால், மெதுவாகச் செய்யலாம் என்று தமிழர் உட்கார்ந்துவிடக் கூடாது. தேவையே இல்லை என்பது அதன் பொருள். ‘பண்டு’ அங்கு பழம், நமக்குப் பழங்காலம். ‘குடி’ அங்கு கோயில். நமக்கு என்ன பொருள் என்று நீங்களே அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இச்சொற்களை ஒப்பிடும் பழக்கம் என்னை ழகரத்திடம் கொண்டுவந்து நிறுத்தியது. தமிழில் ழகரம் உள்ள சில சொற்களில், தெலுங்கில் டகரம் இருக்கும். ஏழு அங்கே ‘ஏடு’, கோழி ‘கோடி’, சோழர் ‘சோடர்’. நாம் ஏழுமலை என்பதை அவர்கள் ‘ஏடு கொண்டலு’ என்கின்றனர். புரட்டாசியில் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வரும் கூட்டமும், கடப்பையிலிருந்து வரும் கூட்டமும் அலிப்பிரியில் ஒன்றாகப் படியேறும்போது, இந்த இரண்டு ஒலிகளையும் ஒரே மூச்சில் கேட்கலாம்.

ஒலி மாறுவதில் இழப்பில்லை. மொழிகள் அப்படித்தான் வளர்கின்றன. எழுத்தை இழப்பதோ வேறு செய்தி. அதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன்.

அக்டோபர் 9 உலக அஞ்சல் நாள். அந்நாளில் ஆளுக்கொரு ஐம்பது காசு அஞ்சலட்டை கொடுத்து, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்குக் கடிதம் எழுதச் சொல்வது என் வழக்கம். முதலில் குறிப்பிட்ட இரயில்வே ஊழியரின் மகன் எழுந்து, “ஐயா, தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதலாமா?” என்று கேட்டான். அவன் தமிழ் நன்றாகப் பேசுவான். படிக்கவும் எழுதவும் அவனுக்கு எளிதாக வருவது தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமுமே. எழுதிப் பார் என்றேன். சிறிது நேரத்தில் எழுதி முடித்து, உரக்கப் படித்தான். முழங்கால் வலி குறைந்ததா என்று தாத்தாவைக் கேட்டிருந்தான். வீட்டு வாழை குலை தள்ளிவிட்டதா என்றும் கேட்டிருந்தான். ஆனால் அட்டையில் முழங்கால் ‘முளங்கால்’ ஆகியிருந்தது. வாழை ‘வாளை’ ஆகி மீனாக மாறியிருந்தது. இக்காலத் தெலுங்கு எழுத்தில் ழகரம் இல்லை. அவன் என்ன செய்வான்? தெலுங்குப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது இதே இடர்ப்பாடு நமக்கும் உண்டு. அங்குள்ள நான்கு வகைக் ககரங்களுக்கும் நம்மிடம் இருப்பது ஒரே ககரம்தான். ஒவ்வோர் எழுத்தும் தன் மொழிக்கென்று தைத்த சட்டை.

“தாத்தாவுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியுமா?” என்று கேட்டேன். அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அப்போது என் பாட்டியின் குறிப்பேடு என் நினைவுக்கு வந்தது. எங்கள் பகுதி 1956 நவம்பர் முதல் நாள்வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. பாட்டி பேசியது தமிழ். சிறுவயதில் பள்ளியில் கற்றது மலையாள எழுத்து. ஆகவே, தமிழில் நினைத்ததை மலையாள எழுத்தில் எழுதிவைப்பது அவர் பழக்கம். வரவு செலவு, பிள்ளைகள் பிறந்த நாழிகை, காய்ச்சலுக்கான கசாயம், மீன்குழம்பின் பக்குவம், தாமே கட்டிய தாலாட்டு எல்லாம் அந்தக் குறிப்பேட்டில் உண்டு என்று சொல்வார். என் தாய் பள்ளிக்குச் செல்லும் காலத்தில் எங்கள் மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்துவிட்டது. தாய் கற்றது தமிழ் எழுத்து. நான் கற்றதும் அதுவே. பாட்டி மறைந்தபின், அந்தக் குறிப்பேட்டைத் தாயும் நானும் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதில் இருந்த ஒவ்வொரு சொல்லும் எங்கள் வீட்டுச் சொல். ஒன்றையும் எங்களால் படிக்க முடியவில்லை. பிறகு மலையாளம் அறிந்த நண்பர் ஒருவர் படித்துக்காட்டினார். அவர் குரலில் பாட்டியின் தாலாட்டைக் கேட்டபோது, கொடுத்தவர் ஒருவரும் பெற்றவர் ஒருவருமாக இருக்க வேண்டிய இடத்தில் நடுவே ஒருவர் நிற்பது போல் இருந்தது. நண்பருக்கு நன்றி கூறினேன். ஆயினும் அந்த இடைவெளியை இன்றும் உணர்கிறேன்.

மாணவர்களே, உங்கள் வீடுகளில் இப்போது நடப்பது இதுதான். பேச்சு இருக்கிறது, அதனால் எதுவும் குறையவில்லை என்று தோன்றும். பேச்சு தாத்தாவிடமிருந்து தந்தைக்கும் தந்தையிடமிருந்து உங்களுக்கும் வந்துவிட்டது. எழுத்து மட்டும் வழியில் எங்கோ இறங்கிவிட்டது. தாத்தாவின் கடிதத்தை உங்களால் படிக்க முடியாது. உங்கள் கடிதத்தைத் தாத்தாவால் படிக்க முடியாது. தமிழ் விருப்பப் பாடம்தானே, இதனால் என்ன பயன் என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. மாற்றல் வந்தால் அடுத்த ஊரில் இப்பாடம் தொடருமா என்பதும் உறுதியில்லை. அவர்கள் கவலை நியாயமானதே. நான் அவர்களிடம் கேட்பது வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே. முப்பது எழுத்து வடிவங்களையும் அவற்றின் சேர்க்கையையும் கற்க ஒரு குழந்தைக்கு ஓராண்டு போதும். கற்றபின் எந்த ஊருக்கு மாற்றலானாலும் அதைப் பெட்டியில் வைத்துச் சுமக்க வேண்டியதில்லை.

அதற்காகத் தெலுங்கை விட்டுவிட வேண்டும் என்று யாரேனும் சொன்னால் கேளாதீர்கள். நீங்கள் விளையாடும் மொழி அது. உங்களுக்குச் சோறு தரும் மண்ணின் மொழி அது. என் தமிழ் எவ்வளவு பழமையானது என்பதைப் புத்தகத்தில் கற்றேன். அதை நேரில் காட்டியது தெலுங்கே. நீவாவைப் பார்த்தவனுக்குத்தான் பொன்னையின் கதை முழுமையாகத் தெரியும்.

அன்று அந்த மாணவனிடம் இன்னோர் அஞ்சலட்டை கொடுத்தேன். எட்டு வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுத அவனுக்கு இரண்டு பாடவேளைகள் ஆயின. ‘ழ’வை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று நான்கு முறை கேட்டான். ஒற்றுகள் சில விடுபட்டிருந்தன; நான் திருத்தவில்லை. பத்து நாள்கள் கழித்துத் தாத்தாவின் விடை வந்தது. முழங்கால் வலியைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. வாழை இரண்டு குலை தள்ளியிருக்கிறது, விடுமுறைக்கு வா என்று எழுதியிருந்தார். அடியில், “வாழைப் பழம் என்று பிரித்து எழுதாதே, நடுவில் ‘ப்’ வரும்” என்று ஒரு வரி இருந்தது. வகுப்பில் வல்லினம் மிகும் இடங்களை நான் நடத்தியபோதெல்லாம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவன், அந்த ஒரு வரியை அன்று மூன்று பேரிடம் விளக்கிச் சொன்னான்.

இந்த வாரத்திற்கான வேலை இரண்டு. சந்தையிலோ தெருவிலோ கேட்கும் தெலுங்குச் சொற்களுள், தமிழில் உறவு உள்ளவை என்று உங்களுக்குத் தோன்றும் பத்தினைத் திரட்டுங்கள். பிறகு, உங்கள் குடும்பத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு அஞ்சலட்டை எழுதுங்கள். நான்கு வரி போதும். பிழை இருந்தாலும் அனுப்புங்கள். திருத்துவதற்கு அங்கே ஒருவர் காத்திருப்பார்.