ஊன்றிய கை

அக்காவின் வலது மணிக்கட்டின் பின்புறம் நீளமாக ஒரு தழும்பு உண்டு. மழையில் படி வழுக்கி விழுந்தபோது உள்ளங்கையை ஊன்றினாள். விழுகிற எவருக்கும் கை முன்னே போய்விடும். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். சுளுக்குதான் என்று அம்மா தைலம் தேய்த்தார். அம்மாவின் கைச்சூட்டுக்கு அடங்காத வலி எங்கள் வீட்டில் அதுவரை இருந்ததில்லை.

இது அடங்கவில்லை. தரையில் கையூன்றி எழ முடியாது. துணி பிழிய முடியாது. தீபாவளிக்கு முறுக்கு நாழியைத் திருகியவள் 'டொக்'கென்ற சத்தத்தோடு கையை இழுத்துக்கொண்டாள்.

கை அறுவைச் சிகிச்சை நிபுணர் முஷ்டியை இறுக்கச் சொல்லி மறுபடி எக்ஸ்ரே எடுத்தார். மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளில் ஸ்காஃபாய்டு, லூனேட் என்ற இரண்டுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஜவ்வு கிழிந்திருந்தது. முதல் சில வாரங்களுக்குள் என்றால் பெரும்பாலும் அதையே எலும்போடு சேர்த்துத் தைத்துவிடலாம். நாள் போனால் ஜவ்வு சுருங்கிவிடும். அப்படியே விட்டால் குருத்தெலும்பு தேய்ந்து சில வருடங்களில் மூட்டு வாதம். அக்காவுக்கு நாள் கடந்துவிட்டதால், முன்கைத் தசைநாணில் ஒரு கீற்றைப் பிரித்து, எலும்பில் துளையிட்டுக் கோத்துக் கட்டினார்கள். அது ஊறிப் பிடிக்கும்வரை கம்பிகள், மேலே மாவுக்கட்டு.

ஓரிடத்துத் தசைநாணை இன்னோரிடத்துக்கு மாற்றும் வித்தை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1940களின் பிற்பகுதியில் டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயால் மடங்கிய விரல்களை அப்படித்தான் நிமிர்த்தினார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனிப்பிரிவை உருவாக்கியவர் டாக்டர் ஆர். வெங்கடசாமி. கைக்கும் தனி மருத்துவம் உண்டு என்பது இன்றும் பல வீடுகளுக்குத் தெரியாதது எனக்குப் பெரிய வருத்தம்.

கட்டைப் பிரித்தபோது கை மெலிந்து, தோல் செதில் செதிலாக இருந்தது. காபி டம்ளர் நடுங்கியது. அதன்பின் பல மாதங்கள் பிசியோதெரபி. முதலில் சுத்தியல் அடிக்கும் வாக்கில் அசைவு. அதில் அந்த இரு எலும்புகளுக்கும் இழுவை குறைவு. பிறகு மெதுவாகப் பிடிக்கும் பயிற்சி. கையை ஊன்றுவது கடைசியில்தான். அந்த மாதங்கள் முழுக்கத் துணி பிழிந்தது அத்தான். இதில் பாதி வைத்தியம் வீட்டார் கையில் இருக்கிறது என்பேன்.

தழும்பு இறுகாமலிருக்க எண்ணெய் தொட்டு நீவச் சொன்னார்கள். அம்மா மறுபடி கிண்ணத்தோடு உட்கார்ந்தார். இம்முறை அந்தக் கைச்சூடு பலித்தது. மணிக்கட்டு இன்றும் முழுதாக மடங்காது. டாக்டர் முன்பே சொன்னதுதான். வலி போயிற்று, பிடி வந்தது.

கையூன்றி விழுந்து, இரண்டு வாரம் கழித்தும் மணிக்கட்டின் பின்புறம் கட்டைவிரல் பக்கமாக அழுத்தினால் வலிக்கிறதா? எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் கை அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். நாளைக் கடத்தாதீர்கள்.