லாரி மேல ஒரு போட்!

நான் மாதவரம் பையன். லாரியெல்லாம் எனக்குத் தெருநாய் மாதிரி, சகஜம் பாஸ்! ஆனா, லாரி மேல போட் போறதைப் பார்த்திருக்கீங்களா? 2015 டிசம்பர் வெள்ளத்துல நான் பார்த்தேன். மோட்டாரைத் தனியா கழற்றி, அடியில பழைய டயர் போட்டு, கயிறு இழுத்துக் கட்டி, ஊருக்குள்ள கிளம்பினாங்க மீனவ அண்ணன்கள்.

கடல்ல அலை மட்டும்தான். தெருவுல காம்பவுண்ட் சுவர், முங்கின கார், தொங்குற ஒயர். உரசினா ஃபைபர் கிழியும், ப்ரொபெல்லர் உடையும். ஒரு போட்னா, ஒரு குடும்பத்தோட சோறு. தெரிஞ்சேதான் போனாங்க.

2018 கேரள வெள்ளத்துலயும் இப்படித்தான் லாரியில படகுகள் வந்துச்சு. 'இவங்கதான் கேரளாவோட ராணுவம்'னார் அப்போதைய முதல்வர் பினராயி விஜயன்.

நம்ம பஸ்ல மீன்கூடையோட ஒரு அம்மா ஏறினா, சிலர் மூக்கைப் பொத்துறாங்க. நீங்க எழுந்து சீட் கொடுங்க. அந்தக் கூடைக்குப் பின்னால ஒரு போட் இருக்கு ஃப்ரெண்ட்ஸ்!