ஆயாவின் குரலும் அரசு லேப்டாப்பும்

எங்க தெருவுக்கு முதன்முதலா வந்த லேப்டாப் என்னோடதுதான். 2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பன்னிரண்டாவது படித்த எனக்கும் அடுத்த வருஷம் ஒன்று கிடைத்தது. ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்போடு அணைச்சிக்கிட்டு வந்தேன். ஆயா தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள இன்னாடா கீது?" என்று கேட்டாள்.

சில வருஷம் கழித்து ஆயாவே அதற்குள் போய் உட்கார்ந்தாள். தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி வேலை செய்ததை, ஆவாரம்பட்டை போய் குரோமியம் வந்ததை, கைத்தோலு உரிஞ்சி ராத்திரியெல்லாம் எரிஞ்சதை அவள் சொல்லச் சொல்லப் பதிவு செய்தேன். அவளோடு வேலை செய்த பொம்பளைங்க குரலும் அதில் இருந்தது. 2015 ஜனவரி 31இல் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளிகள் செத்தார்கள். அதற்குப் பிறகு எங்க பக்கம் குழியில் இறங்கினவங்க பேசியதையும் சேர்த்து வைத்தேன். ஆயா இப்போது இல்லை.

போன மாசம் லேப்டாப்பை எடுத்தால் ஆன் ஆகலை. சார்ஜர் போட்டாலும் லைட் எரியலை. வேலூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அரசு முத்திரையைப் பார்த்தார். "ஓசி லேப்டாப்பா? பழைய இரும்புக்குப் போடு" என்றார். ஓசியாம்! தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிற சனத்துக்கு எது ஓசி? அப்புறம் ஊர் கேட்டார். சொன்னேன். "ஒடுகத்தூர்ல எந்தப் பக்கம்?" இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? திரும்பிவிட்டேன்.

எங்க தெருவில் ஐ.டி.ஐ. படித்த தம்பி ஒருத்தன் இருக்கிறான். "பயப்படாதணா. மிஷின் செத்தாலும் நீ வச்சது டிஸ்க்குலதான் கீது" என்றான். முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி, ஒரு உறையில் போட்டு, வேற கம்ப்யூட்டரில் சொருகினான். எல்லாம் இருந்தது. காப்பி எடுத்த பிறகுதான் ரிப்பேரில் கை வைத்தான்.

மல்டிமீட்டரை வைத்து சார்ஜரைப் பார்த்தான். மேலே எழுதியிருந்த வோல்ட் சரியாக வந்தது. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். "உப்பியிருந்தா சார்ஜே போடக்கூடாதுணா, தீப்புடிச்சிக்கும்." உப்பலை. அதைக் கழட்டி வைத்துவிட்டு, சார்ஜரையும் உருவிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தான். மிச்சமிருக்கிற கரண்ட் வடியுமாம். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் சொருகினான். அசையலை. அடிமூடியைத் திறந்தான். சார்ஜர் பின் உட்காருகிற இடத்தில் ஈயப்பற்று விரிசல் விட்டிருந்தது. பற்ற வைத்தான். லைட் எரிந்தது. பேட்டரி மட்டும் தேறலை. ரொம்ப நாள் காலியாகவே கிடந்து செத்துப்போயிருந்தது. இப்போது கரண்டில் ஓடுகிறது.

கோளாறு ஒரு சொட்டு ஈயம். அதற்குத்தான் இரும்புக் கடை.

நான் செய்த தப்பும் உண்டு. அத்தனை பேர் குரலை ஒரே பெட்டியில் வைத்தேன். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் எழுத்துகள், 1999இல்தான் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பெரிய தொகுதிகளாக வந்தன. 92 வருஷம்! பழைய தாள்களை யாரோ வீட்டில் பத்திரமாக வைத்திருந்ததால் வந்தன. நம்ம சரித்திரத்தை வைக்க அரசு ஆவணக்காப்பகத்தில் அலமாரி ஒதுக்கியதில்லை. நாம்தான் வைக்க வேண்டும்.

இப்போது ஆயா மூன்று இடத்தில் இருக்கிறாள்: லேப்டாப்பில், தனி டிஸ்க்கில், வேறு ஊர்த் தோழர் வீட்டில். பேசியதை எழுதித் தாளிலும் அச்செடுத்து வருகிறேன். தோழர்களே, உங்கள் பரண்மேலும் இப்படி ஒரு பெட்டி கிடக்கும். இரும்புக்குப் போடுமுன் டிஸ்க்கைக் கழட்டிப் பாருங்கள்.