தொலைந்ததற்கு என்ன அர்த்தம்

மௌனத்தைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் நிறையவே எழுதியாகிவிட்டது. அனேகமாக எல்லாமே மௌனத்தை ஒரு கனமான வஸ்துவாக, தன்னிலேயே அர்த்தம் பொதிந்ததாகக் கொள்பவை. எனக்கு இதில் சந்தேகம் உண்டு. மௌனத்துக்கு அர்த்தம் தருவது அதை எதிர்கொள்கிறவன் முன்கூட்டியே வைத்திருக்கும் அனுமானம் என்றுதான் எனக்குப் படுகிறது. கவிதையை வைத்து இதைக் காட்டுவது கஷ்டம். ஆளுக்கொரு ரசனை என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள். யந்திரங்களை வைத்துக் காட்டலாம்.

இணையத்தில் செய்தி துண்டு துண்டாகப் போகிறது. துண்டுகள் போய்ச் சேர்ந்தனவா என்று பார்த்துக்கொள்ளும் ஒழுங்குமுறைக்கு டி.ஸி.பி. என்று பெயர். 1974ல் வின்ட் செர்ஃபும் பாப் கானும் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்தது. அனுப்புகிறவனுக்கு வழியில் நடப்பது எதுவும் தெரியாது. அவன் கைக்கு வருவது 'பெற்றுக்கொண்டேன்' என்ற ரசீது ஒன்றுதான். ரசீது வராவிட்டால் என்ன நினைப்பது?

1986 அக்டோபரில் இந்தக் கேள்வி நிஜமாகவே எழுந்தது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே தூரம் 400 கஜம். அந்தப் பாதையில் விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்தது; திடீரென்று 40 பிட்டாக விழுந்தது. எல்லோரும் தொலைந்ததை மறுபடி மறுபடி அனுப்பி, அந்த மறுபதிப்புகளாலேயே வழியை அடைத்துவிட்டார்கள். வான் ஜேக்கப்ஸன் 1988ல் இதற்குத் தீர்வு எழுதினார். துண்டு தொலைவதற்குக் காரணம் இரண்டு: வழியில் சிதைந்திருக்கலாம், அல்லது நெரிசலில் இடமில்லாமல் தள்ளப்பட்டிருக்கலாம். சிதைவது மிக அபூர்வம், நூற்றில் ஒன்றுக்கும் வெகு கீழே. ஆகவே ரசீது வரவில்லையென்றால் நெரிசல் என்று கொள். உன் வேகத்தைக் குறை. இணையம் பிழைத்தது இந்த வாசிப்பினால்தான். அன்றைய கம்பிகளுக்கு அது சரியான வாசிப்பு.

இந்தக் கட்டுரையை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் எங்கள் கிளைக்கு வந்த ஒரு மெக்கானிக். கம்பியில்லா இணைப்பு இழுத்துக்கொண்டிருந்தது. வந்தவர் பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "டிராஃபிக் ஜாஸ்தி சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது கிளையில் இருந்தவர்கள் நாலு பேர். முப்பத்துச் சொச்சம் வருஷத்துக்கு முந்திய ஒரு அனுமானம், அதை எழுதியவர் பெயர் தெரியாத ஒருவர் வாயில் தீர்ப்பாக வந்து நிற்பதைப் பார்த்து எனக்கு ஆவல் பிறந்தது. பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் இந்தக் கட்டுரைகளின் கணிதத்தில் பாதிதான் போக முடியும். அனுமானங்களைப் படிக்க ஆங்கிலம் போதும்.

காற்றில் விஷயம் வேறு. சுவர் இருக்கிறது, குறுக்கே நடப்பவர் இருக்கிறார், பக்கத்து டீக்கடையின் மைக்ரோவேவ் அடுப்பு வை-ஃபையின் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைகிறது. துண்டு சிதைவது இங்கே சாதாரணம். டி.ஸி.பி.யோ எல்லா இழப்பையும் நெரிசலாகவே எடுத்துக்கொண்டு, காலியான வழியில் ஒதுங்கி நிற்கிறது. மாதிஸ் முதலானோர் 1997ல் தந்த சூத்திரத்தின்படி வேகம் இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ்: இழப்பு நான்கு மடங்கானால் வேகம் பாதி. இழப்பு எதனால் என்று சூத்திரம் கேட்பதில்லை.

காற்றுக்கு இன்னொரு குணம். ஒருவர் பேசினால் மற்றவர் பேச முடியாது. பேசுகிறவருக்குத் தான் பேசும்போது பிறர் பேசுவதும் கேட்காது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்ஸன் 1971ல் ரேடியோ வலையை நடத்தியபோது விதி ஒன்றே: தோன்றியபோது பேசு, மோதினால் சற்றுப் பொறுத்து மறுபடி பேசு. இப்படிப் பேசினால் காற்றில் 18 சதவீதத்துக்குமேல் உருப்படியாகப் போகாது என்பது அவருடைய கணக்கு. (நம் இலக்கியக் கூட்டங்களை யாரும் அளந்ததில்லை.) 1997ல் தரப்படுத்தப்பட்ட வை-ஃபை கொஞ்சம் நாகரிகமானது. முதலில் காது கொடுக்கும். ஒரு எண்ணை மனதில் போட்டு அதைக் கீழிறங்கி எண்ணும். மோதினால் இரண்டு மடங்கு பெரிய வரம்புக்குள் மறுபடி எண்ணைப் போடும். சிதைந்த துண்டைச் சில தடவை தானே திரும்ப அனுப்பியும் பார்க்கும். அதனால் டி.ஸி.பி.க்குப் பல சமயம் இழப்பு தெரிவதில்லை, தாமதம்தான் தெரிகிறது.

ஓய்வூதியக்காரர்கள் வருஷா வருஷம் நவம்பரில் தாங்கள் உயிரோடிருப்பதற்குச் சான்று தர வேண்டும். 2014லிருந்து விரலை வைத்தும் தரலாம். ரேகை தேய்ந்த விரல், கூடத்தின் மூலையில் ஒரு பழைய டாப்லெட், அதில் சுற்றிக்கொண்டேயிருக்கும் சக்கரம். ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, நான் இருக்கேனா இல்லையான்னு சீக்கிரம் சொல்லுங்க, பஸ் போயிடும்." அவருக்கு வேடிக்கை. அந்த மாதத்து அரிசிக்கும் மாத்திரைக்கும் வேண்டிய பணம் அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் இருந்தது.

மூலையிலிருந்த அந்தக் கருவியைப் பற்றி 2003லேயே ஹ்யூஸ், டூடா முதலிய ஃபிரெஞ்சுக்காரர்கள் எழுதிவிட்டார்கள். வை-ஃபை எல்லோருக்கும் சமமான முறை தருகிறது. ஆனால் தூரத்தில் இருப்பவர் 11க்குப் பதில் 1 மெகாபிட் வேகத்தில் இழுத்து இழுத்துப் பேசினால் அவர் முறை நீண்டுவிடுகிறது; மற்ற அனைவரும் அந்த 1 மெகாபிட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறார்கள். கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. செக்கை நீட்டுகிறவருக்கு ஒரு முறை, கோயில் உண்டியல் சில்லறையை மூட்டையாகக் கொண்டுவருகிறவருக்கும் ஒரு முறை. முறையைச் சமமாக்குவதா, நேரத்தைச் சமமாக்குவதா? 2017ல் லினக்ஸில் நேரத்தைச் சமமாக்கும் வழியை ஹோய்லாண்ட் யோர்கென்ஸன் முதலியோர் செய்து காட்டினார்கள். மொத்த வேகம் பல மடங்கு கூடியது. மூலையில் இருப்பவர் மட்டும் இன்னும் மெதுவாவார். எஞ்சினியர்கள் இதை நியாயம் என்ற சொல்லாலேயே குறிக்கிறார்கள், எந்த நியாயம் என்பதையும் அடைமொழியாகச் சேர்த்துச் சொல்கிறார்கள். நாம் அந்தச் சொல்லை அடைமொழியில்லாமல் உபயோகிக்கிறோம்.

இங்கேதான் எனக்குப் பொறாமை. இத்தாலியின் ஜூஸெப்பே பியாங்கி 2000த்தில் வை-ஃபைக்கு ஒரு கணித மாதிரி தந்தார். அதன் ஆதாரம், ஒரு துண்டு எத்தனை தடவை மோதியிருந்தாலும் அடுத்த தடவை மோதுவதற்கான வாய்ப்பு மாறாது, முன் நடந்ததோடு அதற்குச் சம்பந்தமில்லை என்பது. கண்டிப்பாகப் பார்த்தால் இது உண்மையல்ல. பியாங்கி அதை மறைக்கவில்லை. இது என் அனுமானம், ஆட்கள் கூடக் கூட இது மேலும் பொருந்தும் என்று எழுதிவைத்துவிட்டுத்தான் கணக்கில் இறங்குகிறார். கிடைத்த விடை கணினிச் சோதனையோடு ஒட்டிப் போகிறது. தமிழ் விமர்சனத்தில் இப்படித் தன் அனுமானத்தை முன்னால் வைத்தவர்கள் எத்தனை பேர்? ஒரு கவிதைத் தொகுப்புக்கு எதிர்வினையே வரவில்லையென்றால் வாசகனுக்குத் தகுதியில்லை என்கிறோம், அல்லது கவிதை செத்துப் பிறந்தது என்கிறோம். வழியில் சிதைந்திருக்கலாம் என்ற மூன்றாவதை யாரும் எண்ணுவதில்லை. 300 பிரதி அச்சடித்து, பாதி கட்டிலுக்கடியில் கிடக்கும் புத்தகத்தைப் பற்றியும் இதே தீர்ப்புதான்.

பியாங்கியின் மாதிரியில் எல்லோரும் எப்போதும் பேசத் துடித்துக்கொண்டிருக்கிறார்கள். டி.ஸி.பி. அப்படியில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அனுராக் குமாரும் சகாக்களும் இந்த வித்தியாசத்தைப் பிடித்தார்கள். இறக்கிக்கொள்ளும் கருவி ஒவ்வொன்றும் தனக்குத் துண்டு வந்த பின்புதான் ரசீது அனுப்பப் போட்டியில் நுழைகிறது. அதுவரை கை காலி. துண்டு தர வேண்டிய நடுப்பெட்டியோ தன் முறைக்கு மற்றவர்களோடு சேர்ந்து போராட வேண்டும். விளைவு, இருபது பேர் உட்கார்ந்திருந்தாலும் எந்த நிமிஷத்திலும் நிஜமாகப் போட்டியிடுபவர்கள் இரண்டு பேர் போலத்தான். ஆட்கள் கூடியும் மொத்த வேகம் அனேகமாக மாறுவதில்லை. டி.ஸி.பி.யின் அடக்கம், காற்றில் வீண் தண்டம் என்று முதலில் பட்டது, இங்கே கூட்டத்தைக் கலைத்துவிடுகிறது. மெக்கானிக் சொன்ன நெரிசல் எங்கள் கூடத்தில் இருந்திருக்க முடியாது என்பது எனக்கு நிச்சயமானது இந்தக் கணக்கில்தான்.

2016ல் கூகிளிலிருந்து பி.பி.ஆர். என்ற புதிய முறை வந்தது. இழப்பை நெரிசலுக்கு அடையாளமாக அது கொள்வதில்லை. பாதையின் அகலத்தையும் போய்வரும் நேரத்தையும் அளந்து தானே ஒரு மாதிரியை வைத்துக்கொள்கிறது. இழப்பும் நெரிசலும் ஒன்று என்று எடுத்துக்கொண்டது அந்நாளைய தொழில்நுட்பத்தின் எல்லையால். அது அடிப்படைத் தத்துவமல்ல என்று அந்தக் கட்டுரை சொல்கிறது. எழுதிய ஐவரில் ஒருவர் வான் ஜேக்கப்ஸன். இருபத்தெட்டு வருஷம் கழித்து, தன் வாசிப்புக்கு எதிராகத் தானே கையெழுத்து. பி.பி.ஆர். பழைய முறையோடு ஒரே வழியில் போகும்போது தன் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்று பிறர் அளந்து காட்டினார்கள். பிறகு இரண்டாவது, மூன்றாவது வடிவங்கள் வந்தன.